வாவும் அமாவாசையும்

அத்தியாயம் 17

பதினான்கு வருஷமாக மட்டாஞ்சேரிப் பக்கமே எட்டிப் பார்க்காத ஓமனா, நேற்றுச் சாயங்காலம் வைப்பின் தீவிலிருந்து போட்டில் ஏறி வந்து மருமகளின் வாசலில் நின்றதைப் போன வாரம் பார்த்தோம். குடையை மடக்காமல், படியேறாமல், மழையில் நின்றபடியே வந்த காரியத்தைச் சொல்லிவிட்டாள். நாளைக்குக் கர்க்கடக வாவு, அதாவது ஆடி அமாவாசை. சிஜுவுக்குப் பிண்டம் வைத்துப் பலி இட வேண்டும். சங்கரியும் மோள் மஞ்சுஷாவும் வர வேண்டும்.

ஓமனா கொஞ்ச நேரம் சங்கரியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வந்த வழியே போய்விட்டாள்.

ஓமனாவின் மகன், சங்கரியின் புருஷன் சிஜு வைப்பின் தீவுக்காரன். தோப்பும்படி ஹார்பரிலிருந்து கடலுக்குப் போகும் மீன்பிடி போட்டில் என்ஜின் பார்ப்பவன். திருக்கார்த்திகை விளக்கு ஏற்றிய மறுநாள் கிளம்பிப் போன போட்டு திரும்பவில்லை. போனவர்கள் ஐந்து பேர். இரண்டு பேரைக் கடல் கரையில் கொண்டுவந்து போட்டது. மற்ற மூன்று பேர் என்ன ஆனார்கள் என்று யாருக்கும் தெரியாது. மூவரில் ஒருவன் சிஜு.

யாருக்கும் தெரியாது என்ற அந்த இரண்டு வார்த்தைக்குள்தான் சங்கரி எட்டு மாதமாகக் குடியிருக்கிறாள்.

காலையில் அவள் கண் விழித்தபோது அப்பா சுடலைமணி குளித்து நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். கார்ப்பரேஷனில் குப்பை வண்டியோடு முப்பது வருஷம் நடந்து ஓய்வுபெற்றவர். மனைவி போன பிறகு மகளோடுதான் இருக்கிறார். அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்தக் கொச்சிக்கு வந்தவர். அவருக்கு ஆண்டு தவறாமல் ஆடி அமாவாசையன்று எள்ளும் தண்ணீரும் விடுவார். அதனால் தட்டில் எள்ளும் தர்ப்பையும் பச்சரிசியும் இருந்ததில் சங்கரிக்கு ஒன்றும் புதுமை இல்லை. ஆனால் எல்லாமே இரண்டு பங்காக இருந்தன. இரண்டு பொட்டலம் எள். இரண்டு கட்டுத் தர்ப்பை.

"இந்த ரெண்டாவது யாருக்குப்பா?"

சுடலைமணி தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "உனக்குத் தெரியும் மோளே."

அவள் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள். ராத்திரி முழுக்க அவள் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கொம்பு அப்பாதான். மாமியாரிடம், எங்கள் வீட்டில் பெண்கள் பலிக்கு உட்காரும் வழக்கம் இல்லை என்று சொல்லிவிடலாம், அப்பாவும் கூடச் சேர்ந்து நின்று ஆமாம் என்பார் என்று நினைத்திருந்தாள். நினைத்ததில் தப்பில்லை. கல்யாணத்தன்று ஆரம்பித்ததுதான், ஓமனா கிழக்கு என்றால் சுடலைமணி மேற்கு என்பார்.

மஞ்சள் கயிற்றில்தான் தாலி கோக்க வேண்டும் என்று இவர் நின்றார். பொன் சங்கிலியில் ஆலிலைத் தாலிதான் முறை என்று அவள் நின்றாள். கோயில் வாசலில் வைத்து அவள் வாயில் பாண்டிக்காரி என்று ஒரு வார்த்தை வந்தது. இவர் வாயில் மீன் நாற்றம் பிடித்த தீவு என்று ஒரு வார்த்தை வந்தது. கடைசியில் சிஜு ஆலிலைத் தாலியை வாங்கி மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிவிட்டு, எல்லாரும் சாப்பிட வாருங்கள் என்று சிரித்தான். அன்றைக்குப் பிறகு சுடலைமணி அந்த வீட்டில் காலடி வைத்ததில்லை. ஓமனா இந்த வீட்டுக்கு வந்ததில்லை.

சிஜுவுக்கு அதெல்லாம் ஒரு விளையாட்டாகப் போய்விட்டது. சித்திரை ஒன்றாம் தேதி சங்கரி கண்ணாடி முன்னால் பழமும் பூவும் வைத்துக் கனி காணச் சொல்வாள். அது எங்களுக்கும் உண்டு, விஷுக்கணி, என்பான். ஆடியில் அவள் கூழ் காய்ச்சினால், எங்களுக்குக் கர்க்கடகக் கஞ்சி உண்டு என்பான். மஞ்சுஷாவுக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி வேண்டும் என்று சுடலைமணி அடம்பிடித்தார். அம்மாவன் மடி இல்லாமல் எங்களுக்கும் காது குத்தில்லை என்று அவருக்கே பாடம் சொன்னான். இவ்வளவும் ஒன்றாக இருக்கும்போது எதற்கு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவனுக்கு விளங்கியதே இல்லை.

இப்போது ஒன்றாகிவிட்டார்கள். அவனுக்குப் பிண்டம் வைப்பதில் ஒன்றாகிவிட்டார்கள். நாளும் ஒன்று, எள்ளும் ஒன்று, தர்ப்பையும் ஒன்று. அவள் ஓடி ஒளிய இரண்டு பக்கமும் ஒரு சந்துகூட இல்லை.

"அவங்க உயிரோட இருக்காங்கப்பா" என்றாள்.

சுடலைமணி எழுந்தார். தட்டை எடுத்து அலமாரி மேல் வைத்தார்.

மஞ்சுஷா பாயில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயது. அப்பாவின் நீண்ட கழுத்து, அப்பாவின் பேசாத பிடிவாதம். வாவு என்பதால் பள்ளிக்கூடம் விடுமுறை. நேற்று ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டாள். சங்கரி அவள் தலையில் எண்ணெய் வைத்துப் பின்னி, வாசல்படியைத் தாண்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

யூதர் தெருவான ஜூ டவுனுக்குப் பின்னால் ஒரு சுக்குக் கிடங்கில் அவளுக்கு வேலை. பெண்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, மலைபோலக் கொட்டியிருக்கும் சுக்கில் நல்லதையும் பூச்சி அரித்ததையும் பிரிப்பார்கள். மூக்கு எரியும், கண்ணில் நீர் வரும். எட்டு மாதமாக அந்த வேலை அவளுக்கு ரொம்ப வசதியாக இருந்தது. கண்ணில் நீர் வந்தால் அங்கே யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

இன்று பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களும் ஈரத் தலையோடு, நெற்றியில் சந்தனத்தோடு தாமதமாக வந்தார்கள். பக்கத்தில் உட்காரும் மாதுரியும் அப்படித்தான் வந்தாள். விடியற்காலையிலேயே அப்பாவுக்குப் பலி இட்டுவிட்டு வருகிறாளாம். உட்கார்ந்து, முறத்தை மடியில் இழுத்துக்கொண்டு, சங்கரியை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"நீ போகலையா சங்கரி? உன் மோளும் உங்க அச்சனும் வைப்பின் போட்டில் ஏறினதை நான் கண்டேனே. கையில் வாழையிலை எல்லாம் உண்டு."

சங்கரியின் கையிலிருந்த சுக்கு அப்படியே நழுவியது. மேஸ்திரியிடம் சொல்லக்கூட நிற்கவில்லை. தெருவுக்கு வந்து ஆட்டோவை நிறுத்தி ஃபோர்ட் கொச்சிப் படகுத்துறைக்குப் போகச் சொன்னாள்.

எட்டு மாதத்தில் அவள் அந்தப் போட்டில் ஏறுவது இதுதான் முதல் தடவை. தண்ணீரைப் பார்க்காமல், எதிரே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். சுற்றிலும் ஈரத்துணி வாசனை. பலி இட்டுத் திரும்புகிறவர்களும், இடப் போகிறவர்களும். மலையாளமும் தமிழும் கலந்து காதில் விழுந்தது. ஒரு தமிழம்மா பக்கத்திலிருந்த மலையாளி அம்மாவிடம், நாங்கள் கா கா என்று கூப்பிடுவோம், நீங்கள் எதற்குக் கை தட்டுகிறீர்கள் என்று கேட்டாள். எப்படிக் கூப்பிட்டாலும் வருகிறவர்கள் ஒரே ஆட்கள்தானே என்றாள் அந்த அம்மா. இருவரும் சிரித்துக்கொண்டார்கள். சங்கரிக்கு அவர்கள்மேல் கோபம் கோபமாக வந்தது.

புதுவைப்பு கடற்கரையில் கூட்டம் இருந்தது. ஆடி மாதத்துக் கடல், கலங்கிப்போய் ஆள் உயரத்துக்கு எழும்பி விழுந்தது. தண்ணீரில் இறங்குகிறவர்கள் பிடித்துக்கொள்ள மூங்கில் நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். மணலில் வரிசை வரிசையாக வாழையிலை. ஒவ்வொரு இலைக்கு முன்னாலும் தெற்கே பார்த்து ஒருவர்.

நாலாவது வரிசையில் அவர்களைக் கண்டாள்.

மஞ்சுஷா ஈரப் பாவாடையோடு மண்டியிட்டிருந்தாள். ஒரு பக்கம் சுடலைமணி, மறு பக்கம் ஓமனா. குழந்தையின் விரலில் தர்ப்பை மோதிரம் நிற்காமல் கழன்றுகொண்டிருந்தது போலிருக்கிறது. அவர் ஒரு நுனியைப் பிடிக்க, ஓமனா மறு நுனியை முடிந்துகொண்டிருந்தாள். பதினான்கு வருஷம் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு நரைத்த தலைகளும் அந்தச் சின்னக் கைக்கு மேலே முட்டிக்கொண்டிருந்தன.

சங்கரி போய் மகளின் தோளைப் பிடித்துத் தூக்கினாள். "எழுந்திரு."

மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். பக்கத்து இலைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மஞ்சுஷா எழுந்திருக்கவில்லை. கல்லைப்போல உட்கார்ந்திருந்தாள்.

சங்கரி மாமியாரின் பக்கம் திரும்பினாள். எட்டு மாதமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் தமிழிலேயே வந்தது. "உங்க பிள்ளை எங்கேயோ உயிரோட கிடக்கும்போது பிண்டம் உருட்டறீங்களே. பெத்த வயிறு எப்படி இடம் கொடுக்குது?"

ஓமனாவின் முகம் இறுகியது. கையிலிருந்த ஈரமணலைத் தட்டினாள்.

"அச்சம்மாவைத் திட்டாதே" என்றாள் மஞ்சுஷா. "நானாக்கும் விளிச்சது."

சங்கரிக்கு விளங்கவில்லை.

"போன வாரம் நான்தான் தாத்தா ஃபோன்ல அச்சம்மாவை விளிச்சேன். வந்து உன்கிட்ட சொல்லச் சொன்னேன். தாத்தாவையும் நான்தான் கூட்டிட்டு வந்தேன்." குரல் நடுங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை. "அச்சனுக்குப் பசிக்கும்மா. எட்டு மாசமா ஆரும் ஒண்ணும் கொடுக்கலை. நான் தினமும் காக்காவுக்கு வைக்கற ஒரு பிடி காணாது."

தினமும் காலையில் டிபன் டப்பாவிலிருந்து ஒரு பிடி சோற்றை மதில்மேல் வைத்துவிட்டுத்தான் மஞ்சுஷா பள்ளிக்கூடம் போவாள். சாப்பிட முடியாமல் கொட்டுகிறாள் என்று சங்கரி எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள். ஒரு நாளும் அவள் மறுத்துப் பேசியதில்லை.

"மீன் வேண்டாம்ங்கறதும் அதுக்குத்தானா?" என்று கேட்டாள் சங்கரி. கேட்ட பிறகுதான் தான் கேட்டது தன் காதிலேயே விழுந்தது.

குழந்தை தலையைக் குனிந்துகொண்டாள். வயிறு வலிக்கிறது, முள் குத்துகிறது, நாற்றம் பிடிக்கவில்லை என்று கார்த்திகையிலிருந்து அவள் சொல்லாத காரணம் இல்லை. கடலில் அப்பா இருக்கிறார், அந்தக் கடலில் மீன் இருக்கிறது. இதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அம்மா அழுவாள் என்று அத்தனை நாளும் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, அம்மாவோடு சேர்ந்து அவளும் காத்திருப்பதுபோல நடித்திருக்கிறாள்.

அப்போது ஓமனா பேசினாள். பொறுமையாக, ஒவ்வொரு வார்த்தையாக. தானும் கார்த்திகைக்குப் பிறகு மீன் கூட்டிச் சாப்பிடவில்லை என்றாள். மீன் விற்று வளர்ந்தவள், மீன்காரனைக் கட்டிக்கொண்டவள், மீன் இல்லாமல் ஒரு வேளையும் சோறு இறங்காது என்று ஊரெல்லாம் பேர் வாங்கியவள்.

சங்கரி மணலில் உட்கார்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அயிலை மீன் வாங்கிப் பொரித்தவள் அவள். சிஜுவுக்குப் பிடித்த மாதிரி மிளகு தூக்கலாகப் போட்டு, அவனுக்கு ஒரு துண்டு எடுத்து வைத்து, தன் பங்கை மென்று விழுங்குவாள். தொண்டையில் இறங்காது. தண்ணீர் குடித்து இறக்குவாள். சாப்பிடாமல் விட்டால் அவன் போய்விட்டான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற பயம். ஒரு வீட்டில் ஒரு குழந்தையும், இன்னொரு வீட்டில் ஒரு தாயும் ஒரே காரணத்துக்காக மீனை விட்டிருக்கிறார்கள். நடுவில் அவள் ஒருத்தி மட்டும் மென்றுகொண்டிருந்திருக்கிறாள்.

சுடலைமணி மெதுவாக அவள் பக்கத்தில் வந்து குந்தினார். நம் பக்கத்தில் பெண்பிள்ளைகள் எள்ளும் தண்ணீரும் விடுவதில்லை, இங்கே பெண்கள் பலிக்கு உட்காருவதைப் பார்த்து ஒரு காலத்தில் நான் ஏளனம் பண்ணியிருக்கிறேன் என்றார். இப்போது அதுவும் இல்லாவிட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள் என்று சொன்னபோது அவர் குரல் உடைந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மருமகனை அவர் அவன் இவன் என்று ஒரு நாளும் பிரியமாகச் சொன்னதில்லை. இன்று சொன்னார்.

மந்திரம் சொல்கிறவர் பொறுமைசாலி. காத்திருந்தவர், தொடங்கலாமா என்று ஜாடையால் கேட்டார். எல்லாரும் சங்கரியைப் பார்த்தார்கள்.

சங்கரி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு மகளின் பக்கத்தில் தெற்கே பார்த்து உட்கார்ந்தாள்.

பேர் என்ன என்று கேட்டார் அவர்.

"சிஜு" என்றாள் மஞ்சுஷா.

நட்சத்திரம் கேட்டபோது ஓமனா அனிழம் என்றாள். அதே நேரத்தில் சங்கரி அனுஷம் என்றாள். இரண்டு பேரும் திரும்பி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மந்திரத்துக்குப் போனார்.

எள்ளும் பூவும் தண்ணீரும் அவர் சொல்லச் சொல்ல மஞ்சுஷா விட்டாள். அவள் கை தவறும்போதெல்லாம் சங்கரி கீழே தன் கையைக் கொடுத்தாள். சோற்றை உருட்டி இலையில் வைத்தது ஓமனா. பிள்ளைக்கு ஊட்ட உருட்டுகிறவள்போல, விரல் நுனியால் அழுத்தாமல் உருட்டினாள்.

இலையைத் தலைமேல் தாங்கிக்கொண்டு மூன்று பேரும் கயிற்றைப் பிடித்துக் கடலில் இறங்கினார்கள். முழங்காலுக்கு மேலே போக வேண்டாம் என்று காவலுக்கு நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். பின்பக்கமாக இலையை விட்டுவிட்டு முழுக வேண்டும். மஞ்சுஷாவின் கை இலையை விடவில்லை. அலை வந்து இடுப்பில் அடித்தது. சங்கரி மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். இலை போனது. அடுத்த அலையில் அது இருந்த இடமே தெரியவில்லை.

சங்கரியின் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அது தன்னுடைய சத்தம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. தண்ணீரில் சரியப் போனவளை ஓமனா இடுப்போடு சேர்த்துப் பிடித்தாள். ஒரு கையில் மருமகள், ஒரு கையில் பேத்தி. கயிற்றை விட்டுவிட்டாள். அறுபது வயதுக்காரி, மணலில் காலை ஊன்றிக்கொண்டு, வந்த அலையை முதுகில் வாங்கிக்கொண்டு நின்றாள். அவள் அழவில்லை. அழுதால் மூன்று பேரும் விழுந்துவிடுவார்கள்.

கரையில் சுடலைமணி மூன்று ஜோடிச் செருப்பையும் அணைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

ஓமனாவின் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம். ஓட்டு வீடு, முன்னால் இரண்டு தென்னை, பக்கத்தில் உப்பங்கழி. சங்கரி தாலி கட்டிய அன்று விளக்கெடுத்து நுழைந்து, அன்று சாயங்காலமே வெளியேறிய வீடு. மஞ்சுஷா பிறந்தபோது ஓமனா எர்ணாகுளம் ஆஸ்பத்திரிக்கு வந்து எட்டி நின்று பார்த்துவிட்டுப் போனாள். அப்புறம் ஓணத்துக்கும் விஷுவுக்கும் சிஜு குழந்தையை மட்டும் கூட்டிக்கொண்டு போவான்.

இன்று மூவரும் ஈரத்தோடு உள்ளே போனார்கள். சுடலைமணி மட்டும் முற்றத்தோடு நின்றுவிட்டார். எவ்வளவு சொல்லியும் படியேறவில்லை. தென்னைக்குக் கீழே கவிழ்த்துப் போட்டிருந்த பழைய மீன்பிடி வள்ளத்தின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

ஓமனா சமைத்து வைத்திருந்தாள். வாழைக்காயும் சேனையும் போட்ட எரிசேரி, பயறு, கொஞ்சம் பாயசம். அமாவாசைக்குச் சங்கரியின் அம்மா சமைத்து வந்ததும் இந்த வாழைக்காயும் சேனையும்தான். தேங்காய் மட்டும் இங்கே கூடுதல். முற்றத்துக்கே இலை கொண்டுபோய்ப் போட்டாள் ஓமனா. மழைத் தூறலில் குடையைத் தலைக்கு மேலே சாய்த்துப் பிடித்துக்கொண்டு சுடலைமணி ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சங்கரிக்கு முற்றத்துப் பேச்சு கேட்டது. இரண்டு பேரும் தணிந்த குரலில் பேசினார்கள். அவர் தமிழில், அவள் மலையாளத்தில். எங்கேயும் தடங்கல் இல்லை. பலி ஆயிற்று, இனி மற்றதையும் முறைப்படி செய்துவிட வேண்டும் என்றார் சுடலைமணி. ஓமனா ஆமாம் என்றாள். கர்க்கடகத்தில் வேண்டாம் என்றாள். ஆடியில் எங்களுக்கும் ஆகாது என்றார் அவர். அப்படியானால் ஆவணி பிறந்ததும் ஒரு நாள் பார்த்து, பெண்ணின் கழுத்திலிருப்பதைக் கழற்றிவிடலாம் என்று பேச்சு முடிந்தது. யார் முதலில் சொன்னார்கள் என்றுகூடத் தெரியவில்லை. ஒருவர் சொன்னதை மற்றவர் ஒப்புக்கொண்டார்.

அந்தத் தாலியைக் கட்டுவதற்கு அப்படிச் சண்டை போட்டவர்கள்.

சங்கரி கையிலிருந்த பாத்திரத்தைக் கழுவி முடித்தாள். கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் சுடலைமணி கிளம்பினார். மஞ்சுஷா சிஜுவின் கட்டிலில் அடித்துப் போட்டாற்போலத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை. காலையில் வருகிறோம் என்று சங்கரி சொன்னாள். அவர் ஒரு நிமிஷம் மகளைப் பார்த்தார். குடையை விரித்துக்கொண்டு படகுத்துறைப் பக்கம் நடந்தார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் காற்று பலமாகிவிட்டது. கடல் பக்கமிருந்து மழை சாய்வாக வந்து கூடத்துத் தரையை நனைத்தது. சங்கரி எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போடக் கை வைத்தபோது பின்னாலிருந்து ஓமனாவின் குரல் வந்தது.

"தாழிடண்டா மோளே. திறந்து கெடக்கட்டே."

சங்கரி திரும்பினாள். ஓமனா விளக்குத் திரியைத் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள். அவனுக்குக் கதவைத் தட்டும் பழக்கம் சின்ன வயதிலிருந்தே கிடையாது. நேரம் கழித்து வந்தால், அம்மா தூங்குகிறாள் என்று வெளியிலேயே படுத்துவிடுவான். எத்தனையோ தடவை காலையில் படியில் கிடப்பதைப் பார்த்திருக்கிறாள். அதனால் கார்த்திகையிலிருந்து இந்தக் கதவுக்குத் தாழ் போடுவதில்லை.

சங்கரி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். மத்தியானம் சோற்றை உருட்டிய கை. அலையில் இலை போனபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நின்றவள்.

"அம்மே" என்று கூப்பிட்டாள். இதுவரை அவளை ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கதவை முழுசாகத் திறந்து, காற்றில் அடிக்காமலிருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுத்தாள். இரண்டு பேரும் கூடத்தில் மழை படாத மூலையாகப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

முற்றத்துப் படல் திறக்கும் சத்தம் கேட்டது.

யாரோ வருகிறார்கள். ஈரமணலில் காலை இழுத்து இழுத்து வைக்கும் சத்தம். ஆண்பிள்ளையின் நடை. படிக்குக் கீழே வந்து நின்றது. தட்டவில்லை. கூப்பிடவில்லை.

ஓமனா எழுந்துவிட்டாள். சங்கரி எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. உள்ளே கட்டிலிலிருந்து மஞ்சுஷா தலைவிரிகோலமாக வந்து அறை வாசலில் நின்றாள். மூன்று பேரும் மூச்சு விடவில்லை.

இருட்டிலிருந்து படியேறி விளக்கு வெளிச்சத்துக்கு வந்தவர் சுடலைமணி.

குடை காற்றில் புரண்டுபோய்க் கம்பி கம்பியாகத் தொங்கியது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. காற்று ஜாஸ்தி என்று போட்டை நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். எர்ணாகுளம் சுற்றிப் பஸ்ஸில் போகலாம். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருப்பவருக்கு அது தெரியாதது இல்லை. ஆனால் அவர் திரும்பி வந்திருந்தார். நிமிர்ந்தவர் மூன்று முகங்களையும் பார்த்தார். அவற்றில் இருந்ததையும், அவரைக் கண்டதும் அது அணைந்ததையும் பார்த்தார்.

"நான்தான்" என்றார், ஏதோ குற்றம் செய்தவர்போல.

ஓமனா கொடியிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் நீட்டினாள். சிஜுவின் துண்டு.

"கேறி வரூ சேட்டா" என்றாள். "மழை நனையண்டா."

பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாகச் சுடலைமணி அந்த வீட்டு நிலைப்படியைத் தாண்டினார். உள்ளே வந்தவர், சாரல் அடிக்கிறதே என்று கல்லைக் காலால் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தப் போனார்.

"வேண்டாம்ப்பா" என்றாள் சங்கரி. "அது திறந்தே இருக்கட்டும்."

சுடலைமணி கதவின்மேல் வைத்த கையோடு மகளைப் பார்த்தார். பிறகு சம்பந்தியம்மாவைப் பார்த்தார். மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டு, துண்டால் முகத்தை மூடியபடி சுவரோரமாக உட்கார்ந்தார். ஆவணியைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை.